அந்தப் பட்டறையில் சொல்லக்கூடாத வார்த்தை

நெருங்கி உட்காருங்கள். அந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்... இந்தக் கதையில் சத்தம் முக்கியம்.

மாலை ஏழு மணி. மழை விட்டும் விடாத நேரம். மைசூரில் விஜயநகர் நாலாவது ஸ்டேஜ் குடியிருப்பைத் தாண்டினால் வீடுகள் முடிந்து காலி மனைகள் தொடங்கும் ஒரு சாலை. ஒரே ஒரு தெருவிளக்கு... அதுவும் மனசு வந்தால்தான் எரியும். அந்தச் சாலையின் கடைசியில் ஒரு மரப்பட்டறை. உள்ளே ஒரே ஆள். கரியப்பன். நம் நண்பன் அருண்ராஜுக்குத் தாய்மாமன். பொய் சொல்லத் தெரியாதவர். தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாக வாழ்ந்திருப்பார்.

தமிழ் பேசும் மார்டள்ளி கிராமத்துக்காரர். மனைவி வினிதா காய்ச்சலில் போய்ச்சேர்ந்த பிறகு, வீட்டில் இரண்டு தட்டு இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் மைசூருக்கு வந்தார். பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை. அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. கன்னடம் தட்டுத்தடுமாறி வரும். பேசத்தான் ஆள் வராது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளியம்மா பசம்மா ஒரு கட்டளை போட்டார். கணவர் இறந்தபின் பட்டறையை நடத்துகிறவர், கன்னடக்காரர்.

“பலகைய தாங்கணும்னா ‘ஹிட்கோ’ன்னு சொல்லு. விடணும்னா ‘கை எடு’ன்னு சொல்லு.” அடுத்ததைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “‘புடி’ன்னு மட்டும் இங்க சொல்ல பேடா.”

“ஏனுங்க?”

“பேடான்னா பேடா. வேண்டாம்.”

இது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே தலையாட்டி வைத்தார்.

டேபிள் ரம்பம் பார்த்திருப்பீர்கள். மேஜை நடுவே வட்ட பிளேடு எழும்பி நிற்கும். குறுக்கே அறுப்பது ஒரு ஆள் வேலை. துண்டு விழுந்ததும், பிளேடு நிற்கும்வரை கையை நீட்டாமல் இருந்தால் போதும். நீளவாக்கில் அறுப்பதுதான் வம்பு. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தள்ள, எதிர்ப்பக்கம் வெளியே வரும் பலகையை இன்னொருவர் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் முனை தொங்கி, பலகை பிளேடில் சிக்கி எகிறும். எதிர்ப்பக்கம் நிற்க விஜய்குமார் என்று ஒரு மைசூர்ப் பையன் இருந்தான். ஆறு மணி அடித்தால் பைக்கை உதைத்துவிடுவான்.

அந்த மழை மாலையில் கட்டில் பலகைகள் மிச்சமிருந்தன. காலையில் கொடுத்தாக வேண்டும். கரியப்பன் தனியாகவே தள்ளினார்.

பலகை மேஜையைத் தாண்டிப் போனது... பாதி... பாதிக்கும் மேலே...

தொங்கவில்லை.

மட்டமாகவே போனது. எதிரே யாரோ இரு கையாலும் வாங்கிக்கொள்வது போல. மெஷினை நிறுத்திவிட்டுச் சுற்றிப் போய்ப் பார்த்தார். மரத்தூள்தான் இருந்தது. தூளில் ஒரு கால்தடம்கூட இல்லை. திரும்பி வந்து தன் இடத்தில் நின்றபோது... பின்கழுத்துக்கு வெகு அருகில் வெற்றிலை மணம். கரியப்பன் வெற்றிலை போடுகிறவர் அல்ல.

ஓடவில்லையா என்று கேட்பீர்கள். ஓடினார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கே ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு பாய். அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி வந்து மெஷினைப் போட்டார். தனிமை அப்படிப்பட்டது. பேயானாலும் துணை துணைதானே.

அதற்கப்புறம் நீளப் பலகைகளை வேண்டுமென்றே சாயங்காலத்துக்கு ஒதுக்கி வைத்தார். தள்ளிக்கொண்டே எதிர்ப்பக்கத்தைப் பார்த்துப் பேசுவார். “அண்ணா, இன்னைக்குக் கொழம்புல உப்பு சாஸ்தியாப் போச்சுங்க.” வினிதாவைப் பற்றியும் சொல்வார். யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொல்வார். பதில் வராது... பலகை மட்டும் மட்டமாகப் போகும்.

விஜய்குமார் கவனித்துவிட்டான்.

“நீளப் பலகைய எல்லாம் தனியா எப்டிண்ணா அறுத்தீங்க?”

கரியப்பனுக்குப் பொய் வராதே. சொல்லிவிட்டார். பையன் முகம் வெளுத்தது.

“உங்களுக்கு யாரும் சொல்லலியா? முந்தி எதிர்ப்பக்கம் ஹனூர்க்காரர் ஒருத்தர் நிப்பாரு. வயசானவரு. தமிழ்தான், கன்னடமே வராது. மெஷின்ல எஜமானரு, பசம்மாவோட வீட்டுக்காரரு. ஒரு நாள் பலகை சிக்கிச்சு. எஜமானரு ‘புடி, புடி’ன்னு கத்துனாரு. நம்ம மைசூர்க் கன்னடத்துல புடின்னா விட்டுடுங்கன்னு அர்த்தம் இல்லையாண்ணா?”

கரியப்பன் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். “அவரு தமிழ்ல எடுத்துக்கிட்டாராக்கும்.”

“இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. பலகை திரும்பி எகிறுச்சு, கையும் பிளேடுக்குள்ள போச்சு. ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சுது. அப்புறம் எஜமானரு மெஷின் பக்கமே வரல. வெத்தலைய மென்னுக்கிட்டு வாசல்லயே கெடந்தாரு. போன வருசம் அவரும் போயிட்டாரு.”

அன்று மதியம் இழுப்பறைப் பலகைகளுக்குக் காடி எடுக்கிற வேலை. காடி என்றால் மரத்தை முழுக்க அறுக்காமல் பள்ளம் மட்டும் போடுவது. பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கும். அறுத்த வாய் மூடிப் பிளேடைக் கவ்வாமல் காப்பது அதுதான். காடி எடுக்கும்போது அது இடிக்கும் என்று கழற்றி வைப்பார்கள். வேலை முடிந்ததும் மாட்ட வேண்டும்... கரியப்பன் மாட்டவில்லை. மனமெல்லாம் அந்த ஹனூர்க்காரர்மேல் இருந்தது.

சாயங்காலம். மழை. ஈரம் காயாத பலகை ஒன்று. “அண்ணா, உங்க கதையக் கேட்டனுங்க” என்று சொல்லிக்கொண்டே தள்ளினார். பக்கவாட்டில் நிற்க வேண்டியவர், பேச்சு சுவாரசியத்தில் பலகைக்கு நேர் பின்னால் நின்றார்.

பாதிக்கு மேல் போனதும் சத்தம் மாறியது. ங்ங்ங்... என்று இருந்தது க்ரீச்... என்று ஏறியது. கருகல் நாற்றம். அறுத்த வாய் மூடி பிளேடைக் கவ்விவிட்டது. பலகை கைக்குள் உதறியது. விட்டால் வயிற்றைக் கிழிக்கும். பிடித்தால் கையை இழுக்கும்.

அப்போது... பின்கழுத்தில் வெற்றிலை மணம். காதோரம் ஒரு குரல்.

“புடி.”

வெற்றிலை. எஜமானர். கன்னடத்தில் ‘விடு’. கரியப்பன் கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் சிவப்பு ஸ்விட்சை முழங்கையால் இடித்தார்.

பலகை எகிறியிருக்க வேண்டும். அவர் நின்ற இடத்தைத் துளைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

போகவில்லை. அந்த ஒரு வார்த்தையை எதிர்ப்பக்கமும் கேட்டிருக்கிறது. அது தமிழில் கேட்டிருக்கிறது. பலகை நடுங்கியது, முனகியது... ஓர் அங்குலம்கூடப் பின்னால் வரவில்லை. பிளேடு சுழன்று, தளர்ந்து, நின்றது. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

பிளேடை ஏற்றி இறக்கும் சக்கரத்தைத் திருகி அதை மேஜைக்குள் இறக்கினார். இப்போது பலகையை எதுவும் கவ்வியிருக்கவில்லை. முக்கால்வாசி மேஜைக்கு வெளியே அந்தரத்தில். அப்படியே மட்டமாக நின்றது. ஹனூர்க்காரர் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்... விடு என்று அவருக்குப் புரிகிற மாதிரி அன்று முதல் இன்று வரை யாரும் சொல்லவில்லையே. கரியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

“அண்ணா... வேலை முடிஞ்சுதுங்க. விட்ருங்க.”

டம். பலகை முனை சாய்ந்து தரையில் விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் தகட்டை மாட்டி, பக்கவாட்டில் நின்று, இன்னொரு பலகையைத் தள்ளினார். மேஜையைத் தாண்டியதும் முனை தொங்கத் தொடங்கியது. மெஷினை நிறுத்தினார். நம் வாயாலேயே அனுப்பிவிட்டோமே என்று அந்த எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். இனி யாரிடம் பேசுவது?

பட்டறை அடங்கியிருந்தது. மழைகூட இல்லை. அதனால்தான் அந்தச் சத்தம் கேட்டது... பின்கழுத்துக்கு வெகு அருகில், யாரோ நிதானமாக வெற்றிலை மெல்லும் சத்தம்.