மூச்சை மட்டும் பார்க்கச் சொன்னவர்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, காலைப் பயிற்சி முடிந்து தலைகூடத் துவட்டாமல் ஓடி வந்திருக்கும் நண்பர்களே,

லிஃப்ட் அண்ணன் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் பல் மருத்துவன். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து வைத்திருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பது ஆண்டுகள் லிஃப்ட் பழுதுபார்த்தவர் அவர். ஐம்பத்திரண்டாம் வயதில் நம் நீச்சல்குளக் கட்டடத்தின் லிஃப்ட்டைச் சரிசெய்ய வந்தார். நாங்கள் நீந்தி, சைக்கிள் மிதித்து, அதற்கு மேல் ஓடவும் கிளம்புவதைப் பார்த்துவிட்டு, மூன்றையும் ஒரே நாளிலா என்று கேட்டார். ஆமாம் என்றோம். எதற்கு என்றார். மறுநாள் அவரே வந்து சேர்ந்துவிட்டார்.

பதினோரு ஆண்டுகளில் இருபத்தாறு டிரையத்லான் போட்டிகள். ஒரு பதக்கமாவது வாங்கினாரா? இல்லை. பத்தொன்பது முறை கடைசி. பிறகு ஏன் இன்று இந்த அரங்கில் உட்கார இடமில்லாமல் நிற்கிறீர்கள்?

மனத்தை ஒருமுகப்படுத்துவதில் அவருக்கு நிகர் அவர்தான். முதல் போட்டியில் தண்ணீரிலிருந்து ஏறியவர், "ஹெல்மெட், ஷூ, நம்பர்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒன்றையும் மறக்காமல் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்ற வேறொருவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். சொந்தக்காரர் ஈர உடையோடு அரைக் கிலோமீட்டர் துரத்தினார். அண்ணன் திரும்பியே பார்க்கவில்லை, கவனம் சிதறிவிடுமாம். தகுதிநீக்கம் செய்து அனுப்பினார்கள். எப்படிப் போயிற்று என்று வீட்டில் அண்ணி கேட்டிருக்கிறார்.

"மனசு அப்படியே ஒரே இடத்துல நின்னுச்சு. சைக்கிள்தான் வேற ஒருத்தரோடது."

நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஏரிப் போட்டியை நான் சொல்லியே ஆக வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடித்தால்தான் சான்றிதழ். அந்த ஒரு காகிதத்துக்காக ஓராண்டு உழைத்திருந்தார். கரையிலிருந்து இருநூறு மீட்டர் போனதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அடி தெரியாத கறுப்புத் தண்ணீர். நெஞ்சு அடைத்தது. முடிந்தது கதை என்றே நினைத்தேன். என்னைத் தாண்டிப் போன அண்ணன் திரும்பி வந்தார். மல்லாந்து மிதக்கச் சொன்னார். நின்றுபோன லிஃப்ட்டுக்குள் அழுகிறவர்களிடம் கதவுக்கு வெளியிலிருந்து பேசுவாரே, அதே குரல்.

"மூச்ச மட்டும் பாருங்க டாக்டர். கரைய நான் பாத்துக்கறேன்."

பக்கத்தில் மிதந்தபடி என் மூச்சை எண்ணினார். நாற்பது வந்ததும் நான் நீந்தத் தொடங்கினேன். சைக்கிளிலும் ஓட்டத்திலும் எனக்கு வேகம் அதிகம். எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. அவருக்கு இரண்டு நிமிடத்தில் தவறிப்போனது.

பெருந்தன்மையாகச் சிரித்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மூன்று வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை. கடைவாய்ப்பல் வலி தாங்காமல்தான் வந்தார். ஊசியைக் கண்டதும் நாற்காலிப் பிடியை நெரித்தார். நான் குனிந்து, மூச்சை மட்டும் பாருங்கள், பல்லை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வாய் நிறையப் பஞ்சோடு அவர் சிரித்த சிரிப்பில் என் மூக்குக்கண்ணாடியெல்லாம் எச்சில். அன்றோடு ராசியானோம்.

தண்ணீரைக் கண்டு நடுங்குகிறவர்களுக்காக ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் நடத்திய வகுப்பு ஒரு வாரமும் நிற்காது. இந்த அவையின் முன் அந்தப் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

முதல் பெயர் இன்று காலையே வந்துவிட்டது. பதினோரு ஆண்டுகள் கரையில் துண்டோடு நின்றும் பாதம் நனைக்காத அண்ணி, என்னைத் தனியே அழைத்து, தன்னையும் சேர்த்துக்கொள்வேனா என்று கேட்டார். பயமில்லையா என்றேன்.

"பயந்தான். ஞாயித்துக்கிழம காலைல அந்த வீட்ல தனியா உக்காந்திருக்கறதுக்கு அது பரவால்ல."

வந்துவிடுங்கள் அண்ணி. தண்ணீர் முதலில் கொஞ்சம் சில்லென்று இருக்கும்.