மூன்றரை மணிக்குள் போக வேண்டிய காகிதம்

நான்காம் பொருள்: இரங்கல் உரை
வெள்ளிக்கிழமை, 14 மார்ச் 2025, பிற்பகல் 3.08 மணி

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் கிளை மேலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியாரும் எனக்குத் தங்கை முறையுமான அம்மையாரே, ஊழியத் தோழர்களே, வாடிக்கையாளப் பெருமக்களே! இரண்டரைக்கு என்று அச்சிட்ட கூட்டம் இருபது நிமிடம் தாமதமாகத் தொடங்கியிருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் பொறுத்திருப்பேன். இன்று இயலாது.

நம் பணப்பரிமாற்றப் பிரிவின் தலைமை எழுத்தர், நீங்கள் அனைவரும் 'கிழமை ஐயா' என்றழைத்த பெருந்தகை, மார்ச் 4, செவ்வாய்க்கிழமை காலமானார். அவருடைய பணிக்கொடையைத் தலைமை அலுவலகம் நிறுத்தி வைத்திருக்கிறது. ஏன்? அவர் கோப்பில் முடிக்கப்படாத குறிப்பாணை ஒன்று, அதாவது விளக்கம் கேட்கும் மெமோ, கிடக்கிறதாம். அதை எழுதிய பாவி யார்? உங்கள் முன் நிற்கும் நான்தான்!

8 ஜூலை 2016. அதுவும் வெள்ளிக்கிழமை. பிற்பகல் 3.38. தையற்காரம்மா ஒருவர், வாடகைக் கடைக்கான முன்பணத்தை வேறொரு வங்கியிலிருந்த கடை உரிமையாளர் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். திங்கள் நண்பகலுக்குள் சேராவிட்டால் கடை அடுத்தவருக்கு. கணக்கதிகாரியான நான் என்ன சொன்னேன்? "வந்துடும், போயிட்டு வாங்கம்மா" என்றேன். இப்படி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

கிழமை ஐயா எழுந்தார்.

"வராதும்மா. மத்த பாங்க்குக்குப் பணம் அனுப்புற இன்னைக்குப் பட்டியல் மூணரைக்கே போயிடுச்சு. நாளைக்கும் மறுநாளும் லீவு. திங்கட்கிழமை காலையில நம்ம பட்டியல் போகும். அவங்க பாங்க்ல அதைப் பிரிச்சு வரவு வைக்க மத்தியானம் ரெண்டாயிடும்."

"என் கணக்குலேருந்து இப்பவே எடுத்துட்டீங்களே சார்! மூணு நாளு அது எங்க இருக்கும்?"

"உங்ககிட்டயும் இருக்காது, அவர்கிட்டயும் இருக்காது. வரிசையில நிக்கும். நாமளாவது கால் வலிச்சா உக்காந்துக்குவோம்."

அவையோரே, வங்கிப் பணம் ஏன் தாமதமாகிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கியவர் உண்டா?

பட்டியலில் ஏறாத அந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்தார். பணத்தை ரொக்கமாக வாங்கி அம்மையாரிடம் கொடுத்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வங்கிக்கு அவரை அழைத்துக்கொண்டு ஓடினார். அங்கேயே கட்டும் ரொக்கம் உடனே வரவாகும். ஆனால் நான்கு மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். ரசீதில் முத்திரை நேரம் 3.58! தையற்காரம்மாவுக்குக் கடை கிடைத்தது. ஐயாவுக்கு என்ன கிடைத்தது? அனுமதியின்றி இருபத்தாறு நிமிடம் இருக்கையில் இல்லாததற்கு என் குறிப்பாணை!

"இருபத்தஞ்சு நிமிஷம்தான் சார். தப்பான நிமிஷத்துக்கு நான் எப்படி பதில் எழுதுறது?" என்றார். நான் திருத்த மறுத்தேன். அவர் எழுத மறுத்தார். நான் ஓய்வு பெறும்வரை ஒரே மேசையில் மதிய உணவு உண்டோம். ஒரு நிமிடத்தை மட்டும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை!

நேற்று மாலை 6.15க்குத் தங்கை தொலைபேசினார். "அண்ணா, பணம் எப்ப வரும்னு கேட்டா, 'பிராசஸ்ல இருக்கு'ன்னு மட்டும்தான் சொல்றாங்க. மகளோட காலேஜ் ஃபீஸுக்குச் செவ்வாய்க்கிழமை கடைசி நாள்."

ஊருக்கே கிழமை சொன்னவரின் வீட்டுக்கு இந்தப் பதிலா!

நான் கணக்கிட்டுவிட்டேன். குறிப்பாணையைத் திரும்பப் பெறும் கடிதம், எதிர்க் கட்டடத்திலுள்ள தலைமை அலுவலகத்தை இன்று மூன்றரைக்குள் அடைந்தால் திங்கட்கிழமைப் பட்டியல். செவ்வாய் காலை பதினொன்றுக்கு வரவு. தவறினால் புதன். கடிதம் இதோ. இருபத்தைந்து நிமிடம்தான் என்று ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறேன். மேலாளர் கையொப்பம் மட்டும் பாக்கி. மேலாளர் அவர்களே, பேனா இதோ! கூட்டம் முடியட்டும் என்கிறீர்களா? மணி 3.14! அங்கே அல்ல ஐயா, அதற்குக் கீழே. தேதியும் போடுங்கள். நன்றி.

திங்கள் முதல் விசாரணை மேசையில் ஊதியமின்றி அமர்வேன். கேட்பவர் ஒவ்வொருவருக்கும் கிழமையும் மணியும் சொல்வேன். 'வந்துடும்' என்று மட்டும் சொல்ல மாட்டேன். இது உறுதி! உரையில் இன்னும் நான்கு பக்கங்கள் உள்ளன. கிழமை ஐயா என்னை மன்னிப்பார். வழிவிடுங்கள்!

கூட்டப் பதிவேட்டுக்காகச் செயலாளருக்கு அனுப்பிய கடிதத்தின் இணைப்புகள்:
1. இவ்வுரை, பேசியபடியே.
2. படிக்கப்படாத நான்கு பக்கங்கள். அவசரமில்லை.
3. தலைமை அலுவலக ஒப்புகைச் சீட்டின் நகல். பெறப்பட்ட நேரம்: 3.26.