நாலு புலன் விருந்து

மாமனாரின் கட்டிலருகே இருந்த கண்ணாடி டம்ளரைக் கழுவி வைக்கலாம் என்று நினைத்தது நல்லெண்ணத்தில்தான். தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றி, கையோடு ஃப்ளஷையும் அழுத்தினேன். தண்ணீரோடு அவருடைய பல் செட்டும் போய்ச் சேர்ந்தது. வீட்டு வேலையில் கைகொடுக்கும் ஆண்களை இந்த உலகம் இப்படித்தான் நடத்துகிறது.

மனைவி வேலை விஷயமாக இரண்டு மாதம் வெளியூர். "அப்பாவோட மூக்குக்கண்ணாடிய மிதிச்சு முடிச்சாச்சு. பல் செட்டையாவது விட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினாள். இது நடந்தது அதற்கு மூன்றாம் நாள்.

பல் மருத்துவரிடம் போனேன். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆளைக் கூட்டி வந்து அளவெடுக்க வேண்டும் என்றாள் வரவேற்பறைப் பெண். கூட்டி வந்தால் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் மகளுக்குத் தெரியும். யோசித்துக்கொண்டே அங்கே கிடந்த பத்திரிகையைப் புரட்டினேன். உணவை ஐம்புலன்களாலும் ரசிப்பது பற்றி ஒரு கட்டுரை. முதலில் பார்க்க வேண்டுமாம். பிறகு முகர வேண்டும், தொட வேண்டும், காதருகே வைத்துக் கேட்கவும் வேண்டுமாம். மெல்லுவது கடைசியில்தான் வந்தது. அதற்கு அப்படியொன்றும் அவசரமில்லை என்று பட்டது.

"செட்டைப் பாலிஷ் போடக் குடுத்திருக்கேன் மாமா" என்றேன். அவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஒரு கை ஸ்டியரிங்கிலும் மறு கை சாப்பாட்டுப் பொட்டலத்திலுமாக வாழ்ந்த மனிதருக்குக் கொஞ்சம் நிதானம் நல்லதுதானே.

மதியம் மனைவி வீடியோவில் வந்து தட்டைக் காட்டச் சொல்வாள். கஞ்சி இருந்தால் ஏன் கஞ்சி என்பாள். அதனால் வறுத்த கோழி, மொறுமொறு ரொட்டி, நறுக்கிய ஆப்பிள் என்று தட்டை நிறைத்துவிடுவேன்.

"அப்பா ஏன் வாயே தொறக்க மாட்டேங்கறாரு?"

"கவனமா சாப்பிடறாரும்மா. பேசினா ருசி கலைஞ்சிடுமாம்."

அழைப்பு முடிந்ததும் அவர் கண்ணை மூடி முகர்வார். ரொட்டியைக் காதருகே ஒடித்துக் கேட்பார்.

"எப்படி மாமா?"

"பிரமாதம் மாப்பிள்ளை."

பிறகு ஒரு டம்ளர் பால். இரவில் கஞ்சி காய்ச்சியிருக்கலாமே என்பீர்கள். காய்ச்சினால், பாலிஷ் போட இன்னும் எத்தனை நாள் என்ற பேச்சு வரும். தட்டிலிருப்பதை வீணாக்கக் கூடாதென்று நானே சாப்பிட்டேன். அவர் இளைத்தார், நான் ஆறு கிலோ கூடினேன். வீட்டின் மொத்த எடையில் பெரிய மாற்றமில்லை. அவருடைய பெல்ட்டில் ஆணியால் நாலு புது ஓட்டை போட்டுக் கொடுத்ததும் நான்தான். சொந்த மகன்கூட இவ்வளவு செய்வானா?

ஆறாவது வாரம் நாற்காலியிலிருந்து எழும்போது தடுமாறினார். தாங்கிப் பிடித்தேன். கொடியிலிருந்து எடுத்த சட்டை மாதிரி இருந்தார். எனக்கே என்னவோ செய்தது. உட்காரவைத்து, ரொட்டியை அவர் கையில் கொடுத்தேன்.

"மனசுல பட்டதைச் சொல்லுங்க மாமா. எப்படி இருக்கு?"

அவர் முகரவில்லை. ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"நீங்க பல்லைக் கொட்டினப்ப கதவுக்கிட்டதான் நின்னேன் மாப்பிள்ளை. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். நான் சொன்னா உங்களுக்குள்ள சண்டை வரும். சண்டை வந்தா இந்த வயசுல நான் எங்க போவேன்?"

"அது சரி மாமா, சாப்பாடு..."

"பசிக்குது" என்றார்.