இருமலுக்கு ஒரு நம்பர்

— நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாருடி. என்னைய.

— யாருக்கா?

— மீசைதான். நெஞ்சு டாக்டர். அவரு ரூமைத் துடைக்கப் போனா கால நகத்தறதுக்குக்கூட சோம்பல்படற மனுஷன். இன்னிக்குக் காலைல ஆள் விட்டுக் கூப்பிட்டு, "வாங்கம்மா, உக்காருங்கம்மா"ங்கறாரு. ஏய் நம்பரு பொண்ணே, காலத் தூக்கு. மேசைக்கு அடியில துடைக்கணும்.

— தூக்கிட்டேன். நீங்களா போகலையா? அவரே கூப்பிட்டாரா?

— நான் எதுக்குப் போறேன்? போன வாரம் காட்டினதோட சரி. ஒரு பம்பு குடுத்தாரு, வாயில வெச்சு இழுக்கறேன், ஏதோ வண்டி ஓடுது. என்ன, நீ இருமுற?

— தூசிக்கா.

— நான் துடைக்கிற ரூம்ல தூசியா? நாக்கு அழுகிடும். ஜன்னல் இல்லாத ரூமு, பொண்ணு நாளெல்லாம் இதுக்குள்ளயே கெடக்குதேன்னு உனக்குன்னு பிளீச்சிங் ரெண்டு மூடி கூடவே ஊத்தறேன். மேல பெரிய டாக்டர் ரூமுக்குக்கூட அப்படி ஊத்த மாட்டேன்.

— சரி, தூசி இல்ல. ஏசி. மீசை என்ன கேட்டாரு, அதச் சொல்லுங்க.

— ஊர்க்கத எல்லாம் கேட்டாரு. எங்கப்பா புகை பிடிப்பாரா, வீட்டுல விறகு அடுப்பா, பூனை வளத்தோமா. என்னவோ பொண்ணு பாக்க வந்த மாதிரி. சின்ன வயசுல இருமுவீங்களான்னு கேட்டாரு. எந்தப் புள்ள இருமாம இருந்துச்சு? மழைக்காலம் வந்தா எங்க வீட்டுல எட்டு பேரும் கோரஸா இருமுவோம் டாக்டர், பக்கத்து வீட்டுக்காரன் சுவத்தத் தட்டுவான்னேன். சிரிச்சாரு. அந்த மீசைக்குள்ள பல் இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியும்.

— சிரிச்சுட்டு?

— சிரிச்சுக்கிட்டே எழுதினாரு.

— பிளீச்சிங் பத்திக் கேட்டாரா? அந்த மஞ்சக் கேன் பத்தி?

— அதக் கேக்கல. ஏன்? உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

— அக்கா, மாப்பை ஓரமா வெச்சுட்டு ஒரு நிமிஷம் உக்காருங்க.

— இன்னிக்கு என்ன, ஆளாளுக்கு என்னைய உக்காரச் சொல்றீங்க. சொல்லித் தொலை, நான் நின்னுக்கிட்டே கேக்கறேன்.

— அவர் உங்களக் கூப்பிட்டது என்னாலதான்.

— உன்னாலயா? நீ இந்தக் கீழ்த்தளத்துல உக்காந்து நம்பர் குத்தறவ. உனக்கும் மீசைக்கும் என்ன?

— அந்த நம்பர்தான். டாக்டருங்க எழுதற ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நம்பர் உண்டு, அதப் போடறதுதான் என் வேலை. உங்க சீட்டும் என்கிட்டதான் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அவர் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தாரு. "ஆஸ்துமா, சந்தேகம். வேலையால வந்ததா, சந்தேகம்."

— சந்தேகப்பட்டா பட்டுட்டுப் போறாரு. ஆம்பளைக்கு அது ஒண்ணுதான் வேலை.

— சந்தேகம்னு எழுதினா நோய்க்கு நம்பர் போடக் கூடாதுக்கா. எங்க விதி அது. கண்ணுக்கும் காதுக்கும் என்ன தெரியுதோ, அதுக்குத்தான் போடணும். அதனால இருமல்னு போட்டேன். ஆர் ஜீரோ அஞ்சு. மறுபடி வந்தீங்க, மறுபடியும் இருமல். மேல ஊழியர் ஆபீஸ்ல பாக்கறவங்களுக்கு நீங்க சளி பிடிச்ச ஆளு, அவ்வளவுதான்.

— நல்ல நம்பருதானே. சளி பிடிச்சா யாரும் வேலைய விட்டு அனுப்ப மாட்டாங்க. அப்படியே விட்டிருக்கலாம்ல?

— விட்டிருப்பேன். அன்னிக்கு உங்களப் படிக்கட்டுல பாக்கலைன்னா.

— எந்தப் படிக்கட்டு?

— பின்பக்கம். பக்கெட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறி ஏறி இறங்குச்சு. உள்ள விசில் அடிக்கிற மாதிரி சத்தம், எனக்குக் கதவுக்கிட்டயே கேட்டுச்சு. உதடு நீலமா இருந்துச்சு. அது சளி இல்லக்கா.

— பாத்துட்டியா. பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லல.

— பக்கத்துல வரணும்னுதான் நெனச்சேன். நீங்க முகத்தத் தொடச்சுக்கிட்டு, யாராவது பாக்கறாங்களான்னு திரும்பிப் பாத்தீங்க. நான் கதவுக்குப் பின்னால போயிட்டேன். நேரா இங்க வந்து டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்பினேன். சந்தேகமா எழுதியிருந்தா, தெளிவா எழுதுங்கன்னு கேக்கறதுக்கு எங்களுக்கு உரிமை உண்டு.

— பிளீச்சிங்னாலதான் வந்துச்சுன்னு கேட்டியா?

— அப்படிக் கேக்க முடியாது. பதில நாமளே ஊட்டிவிட்ட மாதிரி ஆயிடும். வேலையால வந்தது, வேலையால வந்தது இல்ல, சொல்ல முடியாது. இப்படி வழி வெச்சு அனுப்பணும். அவர் ஒண்ணத் தொடணும்.

— யாரக் கேட்டுடி அனுப்பின? என் நெஞ்சு, என் இருமல், என் வேலை. என்னைய ஒரு வார்த்த கேட்டியா? இங்க சேரும்போது என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? ஒரு பொண்ணு வரிசையா நோய்ப் பேரா வாசிச்சா. சர்க்கரை இருக்கா, வலிப்பு இருக்கா, மூச்சுத் தொந்தரவு இருக்கா. இல்ல, இல்ல, இல்ல. கடைசில கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டா, அந்த வேகத்துல அதுக்கும் இல்லன்னுட்டேன். எங்க வீட்டுக்காரரு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரு. எல்லாம் இல்லன்னு கையெழுத்துப் போட்டாத்தான் கையில மாப்பு. மாப்பு இருந்தாத்தான் ஆஸ்பத்திரிக்குப் பின்னால தங்கறதுக்கு அந்த ஒத்த ரூமு. அவரு முதுகு உடைஞ்சு படுத்திருக்கறது அந்த ரூம்லதான், தெரியும்ல?

— தெரியும்க்கா. ஆனா அப்ப உங்களுக்கு மூச்சுத் தொந்தரவு இல்லதானே? இங்க வந்தப்புறம்தானே வந்துச்சு?

— அதுல என்ன சந்தேகம். அந்த மஞ்சக் கேன் வந்தப்புறம்தான். அதுக்கு முன்னால ரெண்டு கையிலயும் பக்கெட்டோட நாலு மாடி ஏறுவேன், பேசிக்கிட்டே ஏறுவேன்.

— அதத்தான் சொல்றேன். வேலையால வந்ததுன்னு அவர் ஒரு வார்த்த எழுதிட்டா, ஆஸ்துமாவுக்கு ஜே நாப்பத்தஞ்சு, கூடவே வேலையால வந்ததுன்னு இன்னொரு நம்பர். ரெண்டும் சேந்து மேல போச்சுன்னா உங்கள நிறுத்த முடியாது. மருந்துச் செலவு அவங்க தலைல. கேன் இல்லாத வேலையாப் பாத்துக் குடுக்கணும்.

— இந்த ஆஸ்பத்திரில கேன் இல்லாத வேலை எங்க இருக்கு?

— துணி மடிக்கிற ரூம்.

— அங்க ஜன்னல் இருக்குடி.

— ஆமா. ரெண்டு.

— உக்காந்துக்கிட்டே மடிப்பாங்க. ரேடியோ பாடிக்கிட்டே இருக்கும். ஒரு நாள் சும்மா எட்டிப் பாத்தேன், அந்தக் குண்டம்மா என்னைய வெரட்டினா, ஈரக்காலோட வராதன்னு. நான் மடிச்சா ஓரம் கத்தி மாதிரி நிக்கும், கேட்டியா. எங்க வீட்டுக்காரரு சட்டைய மடிச்சு வெச்சா, கலைக்க மனசு வராம பழசையே போட்டுக்கிட்டுப் போவாரு. எனக்கு ஒரு ஸ்டூல் போதும். நாற்காலிகூட வேணாம்.

— கிடைக்கும்க்கா.

— பாத்தியா, நான் பாட்டுக்கு ஸ்டூல் வரைக்கும் போயிட்டேன். ஏண்டி, உனக்கு ஏன் இந்த வேலை? நான் உனக்கு அக்காவா, தங்கச்சியா?

— இந்த ஊருக்கு வந்ததுலேருந்து, முகம் தெரியாதவங்க நோயோடதான் நாள் பூரா உக்காந்திருக்கேன். சாப்பிட்டியான்னு என்னக் கேக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான். அதுவும் காலத் தூக்குன்னு சொல்லிட்டு.

— சாப்பிட்டியா?

— இன்னும் இல்ல.

— எலும்பும் தோலுமா கெட. அது என்ன சத்தம், உன் பெட்டி கத்துது?

— பதில் வந்திருக்கு.

— மீசையா?

— ஆமா.

— படி. ஏய், வாய்க்குள்ளயே படிக்காத. எனக்குப் புரியற மாதிரி சத்தமாச் சொல்லு.

— ஆஸ்துமா. உறுதி.

— சந்தேகம் போயிடுச்சா?

— போயிடுச்சு.

— சரி. அடுத்தது? எந்த வழியத் தொட்டாரு?

— அக்கா...

— சொல்லுடி.

— வேலையால வந்தது இல்ல. சின்ன வயசுலேருந்தே இருக்கு, நோயாளியே சொன்னாங்க. மழைக்காலத்துல அதிகமாகும். குடும்பத்துல எல்லாருக்கும் உண்டு.

— எட்டு பேரும் கோரஸா.

— ஆமா.

— அது சளிடி. வெறும் சளி. அவரு சிரிக்கட்டுமேன்னு சொன்னேன்.

— தெரியும்க்கா.

— அப்போ மூச்சுத் தொந்தரவு இல்லன்னு நான் கையெழுத்துப் போட்டது?

— பொய்னு ஆகும்.

— நோய மறச்சு வேலைக்குச் சேந்தவ.

— அப்படித்தான் எடுத்துக்குவாங்க.

— துணி ரூமு?

— வேலையால வந்ததுன்னு இருந்தாத்தான்.

— அதுக்குள்ள நான் ரேடியோ வரைக்கும் கேட்டுட்டேன் பாரு. நம்பரு, நீ இன்னும் எதுவும் போடலல்ல? பழையபடி இருமல்னே போட்டுடேன்.

— உறுதின்னு அவர் எழுதினப்புறம் இருமல்னு போட முடியாது. நான் கேட்ட கேள்வி, அவர் சொன்ன பதில், ரெண்டும் உங்க பேர்ல ஏறிடுச்சு. அழிக்க வழி இல்ல. நானே மேல போய்ப் பேசறேன். படிக்கட்டுல பாத்தேன்னு சொல்றேன்.

— நீ பாத்தது செல்லுமா?

— செல்லாது. டாக்டர் எழுதினது மட்டும்தான்.

— அப்புறம் என்னத்தப் போய்ப் பேசற? மீசையும் என்ன பண்ணுவாரு. கேனால வந்துச்சுன்னு எழுதினா, கேன வாங்கிப் போட்டது யாருன்னு அடுத்த கேள்வி வரும். அவருக்குச் சம்பளம் குடுக்கறவங்கதானே. நாற்காலி போட்டப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

— நல்லதுன்னு நெனச்சுத்தான்க்கா பண்ணினேன்.

— எனக்குத் தெரியாதா. ஆனா ஒண்ணு. அந்த மனுஷன் சந்தேகம், சந்தேகம்னு எழுதின வரைக்கும் எனக்கு வேலை இருந்துச்சு. ரூமு இருந்துச்சு. மூச்சு ஒண்ணுதான் இல்ல. அத எப்படியோ ஒப்பேத்திக்கிட்டு இருந்தேன்.

— இந்தச் சீட்டுக்கு நான் நம்பர் போட மாட்டேன். கை வரல. வேற யாராவது போடட்டும்.

— முகம் தெரியாதவ எவளோ எதுக்கு? நீயே போடு. எப்ப மேல போகும்?

— சாயங்காலம் மொத்தமா போகும்.

— அப்போ சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேலை இருக்கு. காலத் தூக்கு, அந்தப் பக்கம் பாக்கி இருக்கு.

— வேணாம்க்கா. இன்னிக்காவது அந்தத் தண்ணி வேணாம். வெச்சுடுங்க.

— மறுபடியும் இருமுற பாரு. இது ஏசி இல்லடி. நானும் கொஞ்ச நாளா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். லீவு நாள்ல இருமல் வருமா உனக்கு?

— லீவு நாள்ல... வராது.

— எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு.

— அக்கா.

— ரெண்டு மூடி கூட ஊத்தினேன். உனக்குச் சுத்தமா இருக்கட்டும்னு.

— அது உங்களால இல்ல. அழாதீங்க.

— அழல, மூச்சு வாங்குது. நான் சொல்றத மட்டும் கேளு. அந்த இருமல இங்க யார்கிட்டயும் காட்டாத, வெளிய எங்கயாவது போய்க் காட்டு. எவனாவது நாற்காலி போட்டு, சின்ன வயசுல இருமுவியாம்மான்னு கேட்டா, பொறந்ததுலேருந்து இருமினதே இல்லன்னு சொல்லு.