காக்கா மூக்கு எலும்பு

அக்கா: கத்திரியக் கீழ வைடா. டாக்டர் என்ன சொன்னார்?

தம்பி: இந்தக் காலர மட்டும் வெட்டிட்டு...

அக்கா: காலர் எங்கயும் ஓடிடாது. கடைக்குள்ள வந்ததும் துணியில தலைய விட்டுக்கிட்டா நான் என்னன்னு நெனைக்கறது?

தம்பி: ஒண்ணுமில்லக்கா.

அக்கா: அப்பாவும் கழுத்துல கட்டி வந்தப்ப அதத்தான் சொன்னார்.

தம்பி: இது கட்டியே இல்ல. எலும்பு.

அக்கா: எலும்பா? தோளுக்கு முன்பக்கம், கல்லு மாதிரி...

தம்பி: ஆமா. கோரகாய்டுன்னு பேராம். காக்கா மாதிரின்னு அர்த்தம்.

அக்கா: விளையாடாத.

தம்பி: நெசமாத்தான். காக்கா மூக்கு மாதிரி வளைஞ்சிருக்குன்னு அந்தக் காலத்து வைத்தியருங்க அவங்க பாஷையில வெச்ச பேராம். உடம்புல எது கூரா நீட்டிக்கிட்டிருந்தாலும் அலகு, மூக்குன்னுதான் பேர் வைப்பாங்களாம். மூளையிலகூட ஒரு அலகு இருக்காம்.

அக்கா: ஐயோ, உனக்கு மூளையிலயுமா?

தம்பி: எல்லாருக்கும்க்கா.

அக்கா: ...தோள்ல இருக்கறது?

தம்பி: அதுவும்தான். ரெண்டு பக்கமும். டாக்டரே தன் தோளத் தொட்டுக் காமிச்சார். நான் இளைச்சுட்டேன்ல, அதான் கைக்குத் தட்டுப்பட்டிருக்கு.

அக்கா: சாப்பிடாம இளைச்சது நீ, பழி காக்கா மேல.

தம்பி: பயத்துல சோறு எறங்கினாத்தானே...

அக்கா: உனக்குப் பாத்த பொண்ண வேண்டாம்னியே, அதுவும் இதனாலதானா?

தம்பி: ஆமாக்கா.

அக்கா: அவளுக்கு மூக்கு நீளம்னு சொன்ன.

தம்பி: வேற என்ன சொல்றது? கட்டிக்கிட்டு வந்து, அப்பா மாதிரி நானும் போய்ட்டா... அவ மூக்கு நல்ல மூக்குதான்க்கா. அவங்க வீட்டுக்கு ஒரு போன் பண்றியா?

அக்கா: பண்றேன். பொறு, கண்ணத் தொடச்சுக்கறேன்.

தம்பி: எதுக்கு அழற? அதான் ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சே. அதென்ன, உன் தோளப் போட்டு அமுக்கிக்கிட்டிருக்க?

அக்கா: நீ வந்து சொன்ன அன்னிக்கே என் தோளையும் தொட்டுப் பாத்தேன்டா. எனக்கும் அதே எடத்துல இருந்துச்சு. ரெண்டு பேருக்கும்னு தெரிஞ்சா நீ ஒடைஞ்சு போயிடுவன்னுதான், வாயத் தெறக்காம உன்ன மட்டும் அனுப்பினேன்.