தீர்ந்துபோன பிடியரிசி

வெகுநாள் தயங்கினேன். பேனாவை எடுப்பேன். வெளியில் யாராவது கதவை ஓங்கிச் சாத்துவார்கள். பேனாவை வைத்துவிடுவேன். இன்றைக்கும் பயம் உண்டு. எழுதாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

சூடான். கார்ட்டூம் நகரம். ஈஸ்டர் கழிந்து வந்த சனிக்கிழமை. காலை. கம்பெனி மெஸ்ஸின் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். தூரத்தில் ஒரு சத்தம். லாரியிலிருந்து கருங்கல் கொட்டுவதுபோல. பிறகு நீண்ட சீழ்க்கை. பிறகு தரை எழும்புகிறது. கண்ணாடி உதிர்கிறது.

"எலே, ஜன்னலை விடு! கெடந்துக்கோ!"

கத்தியது சுனில். எலக்ட்ரீசியன். பெருங்கடவிளைக்காரன். ஜன்னலருகே நின்றது ஜாண்ரோஸ். பிளம்பர். பனச்சமூட்டுக்காரன். நான் பாறசாலைக்குக் கிழக்கே. எல்லாம் கேரள எல்லையோரத்து ஊர்கள். மற்றவர்கள் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும். அடுக்களை மேடைக்கு அடியில் கிடக்கிறோம். சுனிலின் முழங்கை என் விலாவில். ஜாண்ரோஸ் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொல்லத் தொடங்கினான். பாதியில் மறந்துபோனான். நான் எடுத்துக் கொடுக்க முயன்றேன். எனக்கும் வரவில்லை. 

அன்று முதல் கரண்ட் இல்லை. பிறகு குழாயில் வெள்ளமும் இல்லை. மாடித் தொட்டியில் இருந்ததுதான். தெருவில் துப்பாக்கி. அது மழை தகரத்தில் விழுவதுபோல் தொடங்கும். நிற்கும். நின்றால்தான் அதிகப் பயம்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் சபைப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்கள். பிடியரிசி. அது கர்த்தருக்கு உள்ளது. சேர்ந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். ஏழைகளுக்கு ஆகும். வீட்டில் என் மனைவி வைக்கிறாள். மெஸ்ஸில் உலை வைப்பவன் நான். ஆகவே நான் வைத்தேன். என் சோற்றுப் பங்கில் குறைத்து வைத்தேன். ஒரு பிஸ்கட் டின்னில். குண்டு விழுந்த பிறகும் வைத்தேன். கை பழகிவிட்டது. அந்தக் கையை நிறுத்தினால் நானும் நின்றுபோவேன் என்று பட்டது.

சுனில் கேலி செய்வான். அவன் இந்து. வேலைக்குப் போகுமுன் தேவி படத்துக்கு முன்னால் நின்று கும்பிடுவான்.

"அண்ணா, ஒங்க ஆண்டவருக்கு ஒரு பிடி ஆச்சு. எங்க தேவிக்கு ஒண்ணும் இல்லியா? அவளுக்கும் பசிக்குமாக்கும்."

"நீ எடுத்து வை. நானா வேண்டாம்ணு சொன்னேன்?"

"எனக்குள்ள பங்கையே அவ வேண்டாம்ணு சொல்லிட்டா. ஒங்க சமையலைத் தின்னு பாத்திருப்பா."

மேடைக்கு அடியில் கிடந்துகொண்டு சிரித்தோம். ஜாண்ரோஸ் சிரிக்கவில்லை. "அண்ணா, நாம பட்டினி கெடந்து சாவப்போறோம். இப்போ எதுக்கு இந்தப் பிடி?" என்று கேட்டான். 

அரிசிச் சாக்கு தீர்ந்தது.

டின்னை எடுத்து மடியில் வைத்தேன். கர்த்தருக்கென்று வைத்ததைத் திரும்ப எடுப்பதா? ஊரில் யாரும் எடுத்ததில்லை. பயந்தேன். வெளியில் விழும் குண்டுக்குப் பயந்தது ஒரு பயம். இது வேறு. ஜெபித்தேன். கர்த்தரிடமிருந்து சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது கேட்டருகே வாட்ச்மேனின் பிள்ளைகள் அழுதார்கள். சூடான்காரர். மனைவியும் சிறு பிள்ளைகளுமாக கேட் அறையில் இருந்தார். அவர்களிடமும் ஒன்றும் இல்லை. ஊரில் இந்த அரிசி ஏழைக்குத்தான் போகிறது. இங்கே ஏழை யார்? அவர்களும் நாங்களும். டின்னைத் திறந்தேன்.

கஞ்சி வைத்தேன். உப்பு உண்டு. வேறொன்றும் இல்லை. எல்லோரும் குடித்தோம். சுனில் குனிந்து ஓடி, கேட் அறைக்குக் கொண்டு கொடுத்தான். தினமும் அவன்தான். பிள்ளைகளுக்குக் கோரி ஊற்றிவிட்டு, மிச்சத்தைத் தான் குடிப்பான்.

டின்னும் தீர்ந்தது. தலைகீழாகக் கவிழ்த்து அடியில் தட்டினேன். கடைசிக் கஞ்சி வெறும் வெள்ளம்போல இருந்தது. மறுநாள் அதுவும் இல்லை.

காலையில் துப்பாக்கி ஓய்ந்தது. தெருமுனையில் ரொட்டிக் கடை திறந்திருக்கிறது என்று வாட்ச்மேன் சைகை காட்டினார். சுனில் செருப்பைப் போட்டான்.

"போகாத மக்கா!"

"பிள்ளைகளுக்குள்ளதும் வாங்கிட்டு வாறேன் அண்ணா. அடுப்புல தீயைக் கத்திச்சு வையும்."

ஒரே ஒரு சத்தம். காய்ந்த மட்டை ஒடிவதுபோல. அவ்வளவுதான்.

வாட்ச்மேன் அவனை இழுத்துக்கொண்டு வந்தார். உயிர் இருந்தது. பேச்சு இல்லை. சுனில் வீட்டு வழக்கப்படி சாகிறவர் வாயில் வெள்ளம் விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தொட்டியின் அடியில் இருந்ததைக் கோரி விட்டேன். இறங்கியது. பிறகு இறங்கவில்லை. அவனுக்கு மேல் எங்கள் பாட்டைப் பாடவில்லை. அவனுடைய மந்திரம் எனக்குத் தெரியாது. அவன் பெயரையும் வீட்டுப் பெயரையும் ஊரையும் உரக்கச் சொன்னேன். மெஸ்ஸின் பின்னால் வேப்பமரத்தடியில் குழி வெட்டினோம். எரிக்க வழி இல்லை.

பின்னர் பஸ். துறைமுகம். கப்பல். விமானம். வீடு.

வீட்டுக்கும் பயம் கூடவே வந்தது. கோயில் திருவிழாவில் கதினா வெடி வெடிக்கும். நான் கட்டிலுக்கு அடியில் இருப்பேன். மனைவியும் அருகில் வந்து படுப்பாள். 

ஜாண்ரோஸ் தன் சபையில் சாட்சி சொன்னான். டின்னில் அரிசி குறையவே இல்லை என்று சொன்னான். அள்ள அள்ள வந்தது என்று சொன்னான். அந்தப் பேச்சு செல்போனில் ஏறியது. பனச்சமூடு, பாறசாலை, எல்லை தாண்டி அந்தப் பக்கமும் போனது. ஆலய வாசலில் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மறுத்தேன். தாழ்மை என்றார்கள்.

ஒருநாள் சுனிலின் மனைவி ஷீபா பஸ் பிடித்து வந்தாள். உட்காரவில்லை. போனை நீட்டினாள். அந்தப் பேச்சு. கூடவே யாரோ சேர்த்தது: நம்பிக்கை இல்லாதவன் ஒருவன், கர்த்தருடைய அரிசியை நிந்தித்து வெளியே போனான், செத்தான்.

"அரிசி தீரவே இல்லியாமே அண்ணா. பின்னே எங்க ஆளு ரொட்டிக்கு எதுக்குப் போனாரு?"

போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். 

"தீந்துபோச்சு மக்கா. நான்தான் டின்னைத் தட்டினேன். அவன் நிந்திக்கல்ல. பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கப் போனான்."

"யாருக்க பிள்ளைகளுக்கு?"

"வாட்ச்மேனுக்க பிள்ளைகளுக்கு."

அப்போதுதான் உட்கார்ந்தாள். "அவரு அப்படித்தான்," என்றாள். முகத்தை மூடிக்கொண்டாள். "எங்க பிள்ளைகிட்ட ஆளுவ வேற மாதிரி சொல்லுது அண்ணா. அவன் பள்ளிக்கூடம் போவ மாட்டேங்கான்."

ஜாண்ரோஸைப் போய்ப் பார்த்தேன். அவன் மெலிந்திருந்தான். "ஆளுவ மொகத்தைப் பாத்தா வாயில அப்படி வந்துபோச்சு அண்ணா," என்றான். "உயிரோட வந்தேன். அதுக்கு ஒரு காரணம் வேண்டாமா?" கோபப்பட எனக்கு முடியவில்லை. மேடைக்கு அடியில் ஒன்றாகக் கிடந்தவன். "சுனிலைப் பற்றி நான் அப்படிச் சொல்லல்ல" என்று அழுதான். அதை நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எழுந்து நின்றேன். அரிசி தீர்ந்தது என்றேன்.  முன்வரிசையில் ஒருவர், "உமக்கு விசுவாசம் குறைஞ்சுபோச்சு" என்றார். வீட்டுக்கு நடக்கும்போது என்னோடு மனைவியைத் தவிர யாரும் வரவில்லை. என் மகளுக்குப் பேசியிருந்த கல்யாணம் அந்த வாரமே நின்றது. இனி என்ன வருமோ என்று இப்போதும் பயம்தான். காலையில் எழுகிறேன். ஜெபிக்கிறேன். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுக்கிறோம். எடுப்பதற்கு அற்புதம் நடந்திருக்க வேண்டியதில்லை.

இழந்தது இவ்வளவு. சுனில், பெருங்கடவிளை. ஷீபாவின் புருஷன், ஒரு பையனின் அப்பன். அவன் உடல், அந்நிய மண்ணில். வாட்ச்மேனும் மனைவியும் பிள்ளைகளும்: உயிரோடு உண்டா என்று தெரியாது. ஜாண்ரோஸின் தூக்கம். என் மகளின் கல்யாணம். டின் அரிசி, கடைசி மணி வரை.

வாசிக்கிறவர்களே, இதை மற்றவர்களுக்கும் கொடுங்கள். ஒரு சொல் கூட்ட வேண்டாம், ஒரு சொல் குறைக்க வேண்டாம். கர்த்தருக்கு மகிமை சேர்ப்பதாக நினைத்தும் கூட்ட வேண்டாம். நீங்கள் கூட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் பெருங்கடவிளையில் ஒரு பையன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.