ஜன்னலோரப் பிளம் மரம்

திருத்தணியில் வெயில் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும், இன்ஸ்பெக்டர் மேடம். டீயைக் குடித்துக்கொண்டே வியர்வையைத் துடைக்கிறீர்கள், பாவம். கத்திரி வந்தால் டிவிக்காரர்கள் மலைக்கோயிலை மறந்துவிட்டு எங்கள் ஊர் வெயிலைத்தான் காட்டுவார்கள். மாநிலத்திலேயே முதலிடமாம். எதிலாவது முதலிடம் வந்தால் சரி என்று நாங்களும் பெருமையாகப் பார்ப்போம்.

அப்படிப்பட்ட ஊரில் நான் பூக்கும் பிளம் மரம் வளர்த்தேன். பழத்துக்கு இல்லை, அழகுக்கு. இலை உதிர்ந்த கிளை முழுக்க ரோஸ் நிறத்தில் பூ மட்டும் அப்பிக்கொண்டு நிற்கும். குன்னூரில் என் தங்கை புவனா வீட்டு வாசலில் அப்படி ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் அது பூத்ததும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். "அக்கா, உங்க ஊர்ல இதெல்லாம் எங்க வரப்போவுது" என்று கீழே ஒரு வரியும் எழுதுவாள். பாசக்காரி. அந்தப் பாசம் தாங்காமல்தான் நர்சரியில் சொல்லிவைத்து ஒரு கன்று வரவழைத்து, படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நட்டேன்.

மரம் ஆளுயரம் வளர்ந்தது. இலை விட்டது. பூ மட்டும் விடவில்லை. என் வீட்டுக்காரர் விஜயராகவன் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருந்தவர், பேச்சில் கெட்டிக்காரர். வருகிறவர்களையெல்லாம் ஜன்னலருகே கூட்டிப்போய், "எங்க வூட்டம்மா துடப்பக்கட்டை வளத்துகினு இருக்கா, பாத்துக்கோங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே காபி கொடுப்பேன். உள்ளே பற்றி எரியும், அது வேறு விஷயம். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறிப்போயிற்று. துடப்பக்கட்டை என்ற வார்த்தை மட்டும் சுத்தமாக வந்தது.

நர்சரிக்காரர் ஃபோனில் விளக்கினார். மரம் நல்ல குளிரில் கிடந்து தூங்கி எழுந்தால்தான் மொட்டு வைக்குமாம். திருத்தணியில் குளிருக்கு எங்கே போவது? வீட்டுக்காரருக்காக அந்தப் படுக்கையறையில் ஜன்னல் ஏசி போட்டிருந்தோம். ஜன்னல் ஏசியை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா மேடம்? ஒரு பக்கம் குளிர்காற்று, மறுபக்கம் அனல். நல்ல காற்றையெல்லாம் உள்ளே விட்டுவிட்டு, அனலை என் மரத்தின் மேல் கக்கிக்கொண்டிருந்தது. இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள்.

அவரைப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது மெக்கானிக் இலியாஸைக் கூப்பிட்டு ஏசியைத் திருப்பி மாட்டச் சொன்னேன். மரத்தைச் சுற்றித் தார்ப்பாயால் கூடாரம் கட்டினேன். இலியாஸ் நல்ல பிள்ளை. "இப்படி மாட்டினா ரூமுக்குள்ள அனல் வரும்மா. மனுஷன் இருக்க முடியாதுங்க" என்றான். பழைய சாமான் போட்டு வைக்கிற அறைதான் என்றேன். அவன் மேல் தப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் வீட்டுக்கு வந்ததும் அதே கட்டிலில்தான் படுக்க வைத்தேன். வேறு அறைக்கு ஏன் மாற்றவில்லை என்கிறீர்கள். தேக்குக் கட்டில், தூக்க நாலு ஆள் வேண்டும். இந்த வெயிலில் யாரைக் கூப்பிடுவது? அவர்களும் மனிதர்கள்தானே. வேலைக்கு வரும் தேவயானியைக்கூட வெயில் தணிந்ததும் வா என்று அனுப்பிவிட்டேன். கதவை ஏன் சாத்தினேன் என்றும் கேட்டீர்கள். திறந்து வைத்தால் அனல் ஹாலுக்கு வருகிறது, உட்கார்ந்து டிவி பார்க்க முடியவில்லை. "அம்சா, வேவுது" என்று குழறிக் கூப்பிடுவார். தண்ணீர் கொடுப்பேன். மரத்துக்கு ஊற்றும்போதெல்லாம் அவருக்கும் கொடுத்தேன், பாரபட்சம் பார்த்ததில்லை.

சித்திரை முழுக்கக் கூடாரத்துக்குள் மார்கழிதான். இலைகள் உதிர்ந்தன. அவர் துடப்பக்கட்டை என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார். மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நேற்றுக் காலை தார்ப்பாயை விலக்கினேன். கிளை நுனியில் ஒரே ஒரு பூ. எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலில் அவரிடம்தான் ஓடினேன், ஆயிரம் இருந்தாலும் பெண்டாட்டி இல்லையா. உடம்பு சுட்டது. மூச்சு இல்லை. பூவைப் பார்க்காமல் போய்விட்டாரே என்று வருத்தமாகத்தான் இருந்தது. வெளியே வந்து பூவைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். அப்புறம் அவர் போன செய்தியைப் போட்டேன். எதற்கும் ஒரு வரிசை இருக்கிறது.

ஆமாம் மேடம், நான்தான் கொன்றேன். என்ன ஆகும் என்று தெரிந்துதான் திருப்பி மாட்டச் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் ஃபோன் உங்கள் மேஜையில்தானே இருக்கிறது? இரங்கல் எல்லாரும் எழுதியிருப்பார்கள், புவனாதான் முதல் ஆளாக எழுதியிருப்பாள். அதை விடுங்கள். கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். பூவுக்கு அவள் ஏதாவது சொல்லியிருக்கிறாளா?